வார்டுக்குள் ஒரு வருடம்: பொதுப் பல் மருத்துவருக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி எதற்கு?

பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். படிப்பு நான்கு வருடம், அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். முடித்ததும் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, குடியாத்தத்திலோ ஆரணியிலோ அரக்கோணத்திலோ ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, நாற்காலி போட்டு, போர்டு மாட்டிவிடலாம். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. முதல் நாள் வந்து உட்காருபவர் திடமான கல்லூரிப் பையனாக இருந்தால் சிக்கலும் இல்லை. ஆனால் பத்து வருடத்துக்கு முன் இதய வால்வு மாற்றிக்கொண்ட அம்மா ஒருவர் வந்தால்? வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் போகிறவர் வந்தால்? தாடைப் பக்கம் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர், ஆடுகிற பல்லைக் காட்டி "இதை மட்டும் பிடுங்கிவிடுங்க டாக்டர்" என்று கேட்டால்?

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் அபூர்வம் இல்லை. அந்த மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது; 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் பிரிந்தது. நோயாளிகளின் போக்கு மட்டும் மாறவில்லை. பெரிய சிகிச்சை என்றால் வேலூருக்கு வருகிறார்கள், முடிந்ததும் ஊருக்குத் திரும்புகிறார்கள். பல் வலித்தால் போவது ஊரிலிருக்கும் மாடி அறை கிளினிக்குக்குத்தான். அங்கே இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, டாக்டர் பயந்துபோய் "இங்கே முடியாது, வேலூருக்கே போங்க" என்று திருப்பி அனுப்புகிறார். இல்லையென்றால், பயப்படாமல் கை வைத்துவிடுகிறார். இரண்டாவதுதான் ஆபத்து என்று தோன்றும். முதலாவதும் ஆபத்துதான். நாற்பது கிலோமீட்டர் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, ஒரு நாள் கூலியை இழந்து பல் எடுக்க வேண்டுமென்றால், பலர் போவதே இல்லை. வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு சீழ் பிடிக்கும் வரை இருந்துவிடுகிறார்கள்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் பல நாடுகளில் பொதுப் பல் மருத்துவ ரெசிடென்சி என்ற ஏற்பாடு இருக்கிறது. பட்டம் வாங்கியவர், சிறப்புப் பிரிவு எதற்கும் போகாமல், பொது மருத்துவராகவே இருந்துகொண்டு, ஒரு பெரிய மருத்துவமனைக்குள் ஒன்றோ இரண்டோ வருடம் சம்பளத்துடன் வேலை பார்த்தபடி கற்றுக்கொள்வது. அமெரிக்காவில் இது இரண்டு வகை. ஜெனரல் பிராக்டிஸ் ரெசிடென்சி, சுருக்கமாக ஜி.பி.ஆர்., மருத்துவமனையை மையமாகக் கொண்டது. ஏ.இ.ஜி.டி. என்று அழைக்கப்படும் இன்னொன்று பெரும்பாலும் பல் கல்லூரிகளிலும் கிளினிக்குகளிலும் நடப்பது. பல் வேலையின் நுணுக்கத்துக்கு அதில் அதிக இடம். இரண்டுமே அடிப்படையில் ஒரு வருடம், சில இடங்களில் இரண்டாம் வருடமும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 2007 முதல் இப்படி ஒரு வருட ரெசிடென்சி முடிக்காமல் புதிதாக லைசென்ஸ் வாங்க முடியாது. ஜப்பானில் 2006-லிருந்து பட்டத்துக்குப் பிறகு ஒரு வருட மருத்துவப் பயிற்சி கட்டாயம். பிரிட்டனில் தேசிய சுகாதார சேவைக்குள் வேலை செய்ய ஒரு வருட அடித்தளப் பயிற்சி வேண்டும். அதற்கடுத்து மருத்துவமனைப் பணியிடங்களில் தொடர விரும்புகிறவர்களுக்குத் தனிப் பயிற்சிக்கட்டம் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். ஒன்பது பிரிவுகளில் கிடைக்கிறது: வேர் சிகிச்சை, செயற்கைப் பல், ஈறு, பல் சீரமைப்பு, முகத் தாடை அறுவை, குழந்தைப் பல், வாய் நோயியல், வாய் மருத்துவமும் கதிரியலும், பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம். எம்.பி.பி.எஸ். முடித்தவர் பொது மருத்துவத்தில் எம்.டி. செய்யலாம். பி.டி.எஸ். முடித்தவர் பொதுப் பல் மருத்துவத்தில் மேலே படிக்க இந்த ஒன்பதில் ஒரு இடமும் இல்லை. நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் கல்லூரிகள் இருக்கின்றன, எம்.டி.எஸ். இடங்களோ பி.டி.எஸ். இடங்களில் சிறு பங்குதான். ஆக, பெரும்பாலானவர்கள் பொதுப் பல் மருத்துவர்களாகவே வாழ்க்கை முழுக்க இருக்கப்போகிறார்கள். அந்தப் பெரும்பான்மைக்கென்று பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி வழி ஒன்றை நாம் முறையாகப் போடவே இல்லை. சில மருத்துவமனைகள் சொந்த முயற்சியில் சான்றிதழ்ப் பயிற்சி தருகின்றன. கற்றுக்கொடுப்பதில் அவை நன்றாகவே இருக்கலாம். ஆனால் கவுன்சில் பதிவேட்டில் கூடுதல் தகுதியாக ஏறுவது அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் பட்டயமும்தான்.

"இன்டர்ன்ஷிப்பிலேயே இதெல்லாம் வராதா?" என்று கேட்கலாம். பி.டி.எஸ். மூன்றாம் வருடத்தில் பொது மருத்துவமும் அறுவையும் பாடமாக உண்டு, வார்டுக்கும் அனுப்புகிறார்கள். ஆனால் மாணவராகக் கட்டிலைச் சுற்றி நின்று பார்ப்பது வேறு, கேஸ் ஷீட்டில் தன் கையெழுத்தைப் போட்டு "பல்லை எடுக்கலாம்" என்று எழுதுவது வேறு. பல் கல்லூரியின் ஓ.பி.க்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நடந்து வருகிறவர்கள். படுத்திருப்பவர்களைப் பார்க்க வாய்ப்புக் குறைவு. ரெசிடென்சியின் முதல் பாடமே படுத்திருப்பவரின் வாயைத் திறந்து பார்ப்பதுதான்.

அந்த வருடத்தில் என்ன நடக்கிறது? காலையில் ஓ.பி.: சொத்தை அடைப்பது, ரூட் கேனல், கேப், கழற்றி மாட்டும் செட், ஸ்கேலிங். இது எல்லா கிளினிக்கிலும் நடக்கும் வேலை. ஒரு மூத்தவர் பக்கத்தில் இருப்பதால் கை வேகமாகத் தேறும். இதற்கு மேல் நான் இதைப் பற்றி விரிக்கப்போவதில்லை. ஒரு நல்ல கிளினிக்கில் உதவி மருத்துவராக இருந்தாலும் இதைக் கற்றுக்கொள்ளலாம். வேறெங்கும் கிடைக்காதது வார்டிலிருந்து வரும் கன்சல்ட். இதயப் பிரிவு, சிறுநீரகப் பிரிவு, ரத்தவியல், புற்றுநோய்ப் பிரிவு, தீவிர சிகிச்சை என்று எங்கிருந்தாவது ஒரு தாள் வரும்: "பல் மருத்துவரின் கருத்து தேவை." அந்தத் தாளுக்குப் பதில் எழுதக் கற்றுக்கொள்வதுதான் ரெசிடென்சி.

வால்வு மாற்றிய அம்மாவையே எடுத்துக்கொள்வோம். உலோக வால்வு என்றால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, பெரும்பாலும் வார்ஃபரின் அல்லது நம் ஊரில் அதிகம் தரப்படும் அசிட்ரோம். பல் எடுக்கும் முன் மாத்திரையை நாலைந்து நாள் நிறுத்துவது பழைய வழக்கம். இன்றும் பல கிளினிக்குகளில் நோயாளியிடம் வாய்வார்த்தையாக அப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். நிறுத்தினால் பல் எடுத்த இடத்தில் ரத்தம் குறைவாக வரும், உண்மைதான். ஆனால் வால்வில் ரத்தக்கட்டி உருவானால் பக்கவாதமோ மரணமோ நேரலாம். எடுத்த குழியில் வரும் ரத்தத்தைக் கண்ணால் பார்த்து, கையால் அழுத்தி நிறுத்தலாம். வால்வில் அடைக்கிற கட்டியை அப்படிச் செய்ய முடியாது. அதனால் இன்றைய நெறிமுறை வேறு. மாத்திரையை நிறுத்துவதில்லை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முந்தைய 24 மணி நேரத்துக்குள் எடுத்துப் பார்த்து, அளவு 4-க்குக் கீழே (சில இடங்களில் 3.5) இருந்தால் எடுத்துவிடுவது. ஒரே தடவையில் பல பற்களை எடுக்காமல், குழிக்குள் உறைய உதவும் பஞ்சை வைத்துத் தையல் போட்டு, கண்ணெதிரே ரத்தம் நின்ற பிறகே அனுப்புவது.

இதில் ரெசிடென்ட் தன் மூத்தவரிடமிருந்து தொற்றிக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. இப்படிப்பட்டவருக்குப் பல் எடுப்பதை வாரத் தொடக்கத்தில், காலையில் வைத்துக்கொள்வது. சாயங்காலம் ரத்தம் கசிந்தாலும், மறுநாள் கசிந்தாலும் பார்க்க ஆள் இருக்கும். சனிக்கிழமை மாலை எடுத்தால் ஞாயிறு முழுக்க அந்தக் குடும்பம் தவிக்கும்.

பல் எடுத்த பிறகு எழுதும் சீட்டு இன்னொரு பொறி. பல் சீழுக்கு நம் ஊர் கிளினிக்குகளில் மெட்ரோனிடசோல் எழுதுவது மிகச் சாதாரணம். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அது ஐ.என்.ஆரை ஏற்றிவிடும், எடுத்த அன்று நின்ற ரத்தம் நாலாம் நாள் கிளம்பும். சிறுநீரகம் பாதித்தவருக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டையும் கெடுக்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி, அதை உடம்பு நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸோ சைக்ளோஸ்போரினோ எடுப்பவருக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் எழுதினால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் எகிறும். கைத்திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அழகாக ரூட் கேனல் செய்யும் டாக்டர் ஒரு வரிச் சீட்டில் நோயாளியை வார்டுக்கு அனுப்பிவிட முடியும். மருத்துவப் பிரிவு ரவுண்ட்ஸில் சில வாரங்களாவது நின்றவர், பேனாவை எடுக்கும் முன் "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க? கவரைக் காட்டுங்க" என்று கேட்கப் பழகியிருப்பார்.

வேலூருக்கும் இந்தப் பயிற்சிக்கும் இருக்கும் பொருத்தம் இங்கேதான் தெரிகிறது. ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (சி.எம்.சி.) 1961-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை நடந்தது. 1971-ல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று. 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்றும் இங்கே தொடங்கியது. இவற்றை மருத்துவச் சாதனைகளாகவே நாம் படித்துவந்திருக்கிறோம். ஒரு பல் மருத்துவரின் இடத்திலிருந்து பார்த்தால், ஒவ்வொரு சாதனையும் அதற்கு முன் இங்கே இல்லாத ஒரு வகை நோயாளியை உருவாக்கியிருக்கிறது. முன்னால் பிழைத்திருக்கவே மாட்டார்கள். இப்போது பிழைத்து, வயதாகி, பல் வலியோடு வருகிறார்கள். தோட்டப்பாளையத்திலும் காந்தி ரோட்டைச் சுற்றியும் வங்காள எழுத்துப் பலகை மாட்டிய லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கும் குடும்பங்களை இந்த ஊர் தினமும் பார்க்கிறது. அவர்கள் வாய்க்குள்ளும் பற்கள் இருக்கின்றன.

எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் பல் பரிசோதனை ஏன் என்று குடும்பத்தார் கேட்பார்கள். சிகிச்சையின் நடுவில் வெள்ளணுக்கள் ஏறத்தாழ இல்லாமலே போகும் நாட்கள் உண்டு. அப்போது ஒரு வேர் நுனியில் தூங்கிக்கொண்டிருந்த சீழ் கிளம்பினால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். அதனால் முன்னதாகவே வாயைச் சுத்தப்படுத்த வேண்டும். பல் எடுத்தால் புண் ஆற ஏறக்குறைய பத்து நாளாவது வேண்டும். ஆனால் மாற்று சிகிச்சையின் தேதி குறித்தாகிவிட்டது. கல்லூரியில் கற்ற கேள்வி "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?" என்பது. இங்கே எழும் கேள்வி "அடுத்த மூன்று மாதம் இந்தப் பல் சும்மா இருக்குமா?" என்பது. காப்பாற்றக்கூடிய பல்லை எடுக்கச் சொல்ல வேண்டிவரும். எடுக்க வேண்டிய பல்லை, நாள் போதாது என்பதால், மருந்து வைத்து அடைத்து விட்டுவிட வேண்டியும் வரும். இந்தத் தீர்ப்பை வழங்கும் மனநிலைதான், என் பார்வையில், ரெசிடென்சியின் மையம். இதை வகுப்பில் சொல்லித்தர முடியாது.

ரத்தம் எளிதில் உறையாத பிறவி நோயான ஹீமோஃபீலியாவும் அப்படித்தான். கீழ்த் தாடைப் பின்பல்லுக்கு வழக்கமாகப் போடும் மரப்பு ஊசி தாடையின் உள்பக்கம் ஆழமாகப் போகும். ரத்தம் உறைய உதவும் ஃபேக்டரை ஏற்றாமல் ஹீமோஃபீலியாக்காரருக்கு அந்த ஊசியைப் போட்டால், பல்லைத் தொடும் முன்பே உள்ளே ரத்தம் கசிந்து தொண்டைப்பக்கம் பரவி மூச்சை அடைக்கலாம். பல் எடுப்பதைவிட ஊசியே ஆபத்தாகும் நிலை இது. ரத்தவியல் மருத்துவரோடு பேசி, எவ்வளவு ஃபேக்டர், எத்தனை மணிக்கு என்று முடிவு செய்து, முடிந்தவரை பல்லின் பக்கத்திலேயே மேலோட்டமாக ஊசி போட்டு, அப்புறம் ஒரு வாரத்துக்கு, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் வாய் கொப்பளிக்கச் சொல்லி... இந்த வரிசையை ஒருமுறை கூட இருந்து செய்தவருக்கு மறக்காது.

டயாலிசிஸ் நோயாளிக்குப் பல் எடுப்பதானால் டயாலிசிஸுக்கு மறுநாள். அன்றே செய்தால், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெபாரின் உடம்பில் இருக்கும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. சிறிய விஷயங்கள்தான். தெரியாதவர் அந்தக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிடுவார், நோயாளியின் உயிர்வழியே அந்தக் கைதான்.

காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குத் தொடங்கிய கை அறுவை சிகிச்சைகளை உலகம் அறியும். தொழுநோய் முற்றியவர்களுக்கு மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பு கரைந்து பற்கள் ஆடத் தொடங்கும் என்பதும், விரல் மடங்கிப்போனவருக்குப் பல் துலக்கும் பிரஷைப் பிடிக்கவே முடியாது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிரஷின் கைப்பிடியில் துணியோ ரப்பரோ சுற்றித் தடிமனாக்கி, மடங்கிய உள்ளங்கைக்குள் நிற்கும்படி செய்து கொடுப்பதும் பல் மருத்துவம்தான். எந்தச் சிறப்புப் பிரிவிலும் அடங்காத, பொதுப் பல் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை அது.

வாய்ப் புற்று இந்த வட்டாரத்தின் இன்னொரு சுமை. பாக்கு, புகையிலை, மாவா அடக்கிவைக்கும் பழக்கம் தொழிற்சாலைகளிலும் பீடி சுற்றும் தெருக்களிலும் வேரூன்றியிருக்கிறது. தலை கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன் நிற்காத பற்களை எடுத்துவிட வேண்டும், ஆற இரண்டு வாரம் விட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு தாடை எலும்பின் ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், வருடங்கள் கழித்து எடுத்தாலும் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். உமிழ்நீர் வற்றிப்போய்ப் பற்கள் கழுத்தோரமாக மளமளவென்று சொத்தையாகும். இதெல்லாம் தெரிந்த டாக்டர் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ இருந்தால், "இதை மட்டும் பிடுங்கிவிடுங்க" என்று கேட்பவரிடம் பல்லைத் தொடும் முன் கதிர்வீச்சுச் சீட்டைக் கேட்பார்.

இரவு டியூட்டியையும் சொல்ல வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் தொடங்கிய சீழ் தாடைக்கடியில் இருபக்கமும் பரவி, நாக்கை மேலே தூக்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருவார். லுட்விக் ஆஞ்சைனா என்று 1836-லிருந்து அறியப்பட்ட நிலை. மூச்சுப்பாதை எந்த நேரமும் அடைக்கலாம். அவரைப் படுக்கவைக்கக் கூடாது, முதலில் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட வேண்டும், பல்லைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்பது இரவு இரண்டு மணிக்கு அனிச்சையாக வர வேண்டும். இதனால்தான் ஜி.பி.ஆர். திட்டங்களில் மயக்க மருந்துப் பிரிவில் சுழற்சி உண்டு: மூச்சுப்பாதையைக் கையாளக் கற்க. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை விபத்துகளில் தாடை உடைந்து வருகிறவர்களைப் பார்ப்பதும் இந்த இரவுகளில்தான். அறுவை செய்வது முகத் தாடை நிபுணர். ஆனால் முதலில் பார்ப்பவருக்கு எது காத்திருக்கலாம், எது காத்திருக்காது என்று தெரிய வேண்டும்.

மனவளர்ச்சி குன்றிய குழந்தைக்கு நாற்காலியில் வாய் திறக்கவைக்க முடியாதபோது, முழு மயக்கத்தில் ஒரே அமர்வில் எல்லாப் பற்களையும் சரிசெய்வதையும் ரெசிடென்ட் இங்கேதான் பார்க்கிறார். வருடக்கணக்கில் பத்து கிளினிக்கில் திருப்பி அனுப்பப்பட்ட தாய்மார்கள் இந்த வசதி இருக்கிறது என்பதையே அறியாமல் இருக்கிறார்கள். ஊர் டாக்டருக்குத் தெரிந்திருந்தால் வழிகாட்டியிருப்பார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒன்று எனக்கு நியாயமாகவே படுகிறது: ரெசிடென்சி என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வழியாக இது மாறிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு நிதியிலிருந்து ரெசிடென்ட்களுக்கான பணம் வருகிறது, அங்கீகாரக் குழு வந்து பார்க்கிறது. இங்கே இரண்டும் இல்லாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் நாள் முழுக்க ஸ்கேலிங் செய்துவிட்டுச் சான்றிதழோடு வெளியே வருவார்கள். ஆகவே அங்கீகாரம் முதலில் வர வேண்டும். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பொதுப் பல் மருத்துவத்துக்கு ஒரு வருட மருத்துவமனைப் பயிற்சியை வரையறுத்து, பதிவேட்டில் ஏற்ற இது நல்ல சமயம்.

இடம் தனியார் மருத்துவமனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலூரை அடுத்த அடுக்கம்பாறையில் 2005-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியிலும் பல பிரிவு வார்டுகள் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு பல் ரெசிடென்ட்களை அங்கே எடுத்து, தாலுகா மருத்துவமனைகளுக்கும் சுழற்சியில் அனுப்பினால், சில வருடங்களில் இந்த மூன்று மாவட்டங்களிலும் வால்வு நோயாளியைக் கண்டு திகைக்காத டாக்டர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள்.

அதுவரை, இப்படி ஒரு பயிற்சியில் சேர விரும்பும் இளம் டாக்டர்கள் சேரும் முன் சில கேள்விகளை நேராகக் கேட்டுவிடுவது நல்லது. வார்டு கன்சல்ட்டுக்கு யார் போகிறார்கள், ரெசிடென்ட்டா மூத்தவர் மட்டுமா? மருத்துவத்திலும் மயக்க மருந்திலும் எத்தனை வாரம் போஸ்டிங்? இரவில் கூப்பிட்டால் வந்து நிற்கும் மூத்தவர் யார்? செய்த கேஸ்களை எழுதிவைக்கும் லாக்புக் இருக்கிறதா, அதில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? ஸ்டைபண்ட் எவ்வளவு என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். முடிந்தால் இப்போது அங்கே இருக்கும் ரெசிடென்ட் ஒருவரைத் தனியாகச் சந்தித்து, போன வாரம் எந்தெந்த வார்டுக்குப் போனார் என்று விசாரியுங்கள். எந்த வார்டுக்கும் போகவில்லை என்றால் அங்கே சேர வேண்டாம்.